கீறல் இல்லாத தட்டு

சனிக்கிழமை ஐந்து மணி. இசைத்தட்டு சுழல்கிறது, ஜன்னல் வழியாக அதன்மேல் விழும் வெயில் மட்டும் நகராமல் நிற்கிறது. ரேடியோவை அணைத்துவிட்டிருக்கிறார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாரம் தவறாமல் இந்த நேரத்துக்குப் பழைய இசைத்தட்டுகளைப் போட்டு, நடுநடுவே குழைந்து பேசும் அறிவிப்பாளன் ஒருவனிடம் தன் மனைவி காதைப் பறிகொடுப்பதை ஒரு வருடமாகப் பொறுத்துப் பார்த்துவிட்டார். அவன் எப்போதும் நிகழ்ச்சியைத் தொடங்குகிற பாட்டு உள்ள அதே தட்டை, நாலு கடை ஏறி இறங்கி, அதில் அக்கறையே இல்லாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசி வாங்கி வந்திருக்கிறார்.

"அவன் தட்டு கீறல் விழுந்தது. மூணாவது வரியில ஊசி தாவிடும். இதைப் பாரு, துளி கீறல் இல்ல," என்கிறார், கடையில் கண்ணாடி மாட்டிவிடும் குரலில்.

"கேக்கத்தானே போறேன். அதுக்கு ஏங்க அந்த மனுஷனை இழுக்கறீங்க?"

"மனுஷனா? வெறும் தொண்டை!"

அவள் சிரித்துக்கொண்டே அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கவும் தொடங்குகிறாள். ஜெயித்தவராக அவர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போடுகிறார். முதல் வரியும் இரண்டாம் வரியும் தட்டுக்கும் அவளுக்கும் ஒன்றாகவே போகின்றன. மூன்றாவது வரியின் பாதியில், தட்டு தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் சட்டென்று நாலாவது வரிக்குத் தாவிவிடுகிறாள்.

"அடடா, பழக்கமாயிடுச்சுங்க," என்கிறாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

அவர் மேலே போட்ட காலை மெதுவாகக் கீழே இறக்குகிறார்.