விளிம்பு வரை வந்த வேன்

பள்ளத்தாக்கின் விளிம்பில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அண்ணன் ஆறாவது முறையாகக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை எடுத்தேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஆளுகூட வேன்ல கிளம்பிப் போயிருக்க. நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"பள்ளத்தாக்கு பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. நெஜமாவே பாத்துட்டுதான் இருக்கேன்."

போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"மச்சானா?" என்றார் பக்கத்தில் நின்றிருந்த அவர், பள்ளத்தாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க அக்கா காலையிலேயே ரெண்டு தடவை கூப்பிட்டுத் திட்டியாச்சு."

எங்களுக்கு எதிரே பூமி பிளந்து கிடந்தது. சிவப்பும் மஞ்சளும் காவியுமாகப் பாறை அடுக்கடுக்காக இறங்க, அடியில் ஆறு அறுந்து விழுந்த நூல் மாதிரி தெரிந்தது. காலுக்குக் கீழே ஒரு பருந்து பறந்தது. பருந்தின் முதுகை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இதைப் பார்க்க இருபத்தோரு வருடம் ஆகியிருக்கிறது.

கல்யாணமான புதிதில், ஒரு சலவைக் கம்பெனி கழித்துப் போட்ட வேனை அவர் வாங்கி வந்தார். லிஃப்ட் மெக்கானிக். கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் சோறு இறங்காது. பக்கவாட்டில் ஜன்னல் வெட்டினார். மடக்குக் கட்டில் போட்டார். அடுப்பு வைத்தார், அலமாரி அடித்தார்.

"அடுத்த லீவுக்குப் பள்ளத்தாக்கு" என்றார்.

அடுத்த லீவில் கைக்குழந்தையாக இருந்த பையனுக்கு அம்மை. அதற்கடுத்த வருடம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஒரு வருடம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோக, முதலாளி இவரைப் பெட்டி கட்டும்போதே கூப்பிட்டுக்கொண்டார். ஒரு வருடம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு லீவு தரவில்லை.

ஒரே ஒரு வருடம் எல்லாம் கூடி வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். தெருமுனையில் இடதா வலதா என்று சண்டை. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, நாங்கள் காபி குடித்துவிட்டு வைத்த பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது.

அதன் பிறகு வேன் வாசலிலேயே நின்றது. வெங்காய மூட்டையை அதில்தான் வைத்தோம். கோபம் வந்தால் அவர் அதில் போய்ப் படுத்துக்கொள்வார். கடைசி வருடங்களில் வெங்காயத்துக்கு இடம் போதவில்லை.

இந்தப் புதன்கிழமை அவர் போன் செய்தார். "வேனை விக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?"

"இடதா, வலதா?" என்றேன்.

"நீ சொல்ற பக்கம்."

இருபத்தோரு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

மூன்று நாள் மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒவ்வொரு வளைவிலும் அலமாரி திறந்துகொண்டு டம்ளர்கள் உருண்டன. படுக்கை பின்னால் எனக்கு, முன்சீட்டு அவருக்கு. பையன் மட்டும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "டயர்ல காத்து பாத்துக்கோங்க" என்று ஒரு வரி அனுப்பியிருந்தான்.

நுழைவாயிலில் காவலாளி தடுத்தார். காற்று பலமாக இருக்கிறதாம், தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"தூரத்துல நின்னு பாக்கறதுக்குக் காலண்டரே போதுமே" என்றேன்.

காவலாளி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கம்பியை விட்டுடாதீங்க" என்று வழிவிட்டார்.

விடவில்லை. கம்பி கையில் ஜில்லென்று அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவே இல்லை. பையனுக்காக, மாமியாருக்காக, முதலாளிக்காக, அண்ணன் சொல்லும் அந்த நாலு பேருக்காக நின்று நின்று போன பயணம் இது. அந்த நாலு பேரில் ஒருவர்கூட எங்கள் வேனுக்கு ஒரு ஸ்க்ரூ முடுக்கியதில்லை.

பக்கத்தில் கழுத்தில் பெரிய கேமராவோடு நின்ற பெண், "ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நின்றோம்.

அவள் கேமராவுக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. நடுவுல இவ்வளவு இடமா? புருஷன் பொண்டாட்டிதானே நீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பதிலை என்னிடம் விட்டுவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்தோம்" என்றேன். "அன்னிக்குத்தான் கோர்ட்ல விவாகரத்து குடுத்தாங்க."

கேமரா மெல்லக் கீழே இறங்கியது.

அவர் சிரித்துவிட்டார். கோர்ட் வராந்தாவில் இரண்டு வருடம் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்த மனிதர், அத்தனை காற்றையும் மீறிச் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது.

"இப்படியே எடுங்கம்மா" என்றார். "அப்பத்தான் நடுவுல பள்ளத்தாக்கு முழுசாத் தெரியும்."