பேர் போடாத பேப்பர்

“திருட்டுத்தனம்ங்க இது! படம் நான் வரைஞ்சது, எழுத்தும் என்னோடது. எம்பேர மட்டும் எடுத்துட்டு ஒட்டி வச்சிருக்காங்க!”

பதுளையில் பஸ் ஏறியதிலிருந்து தயானி இதையேதான் பொரிந்துகொண்டு வந்தாள். பக்கத்தில் கணவன் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தான்.

தயானி ஒரு வலைப்பூ எழுதுகிறாள். பழைய ரேடியோ, உடைந்த போன் என்று வீட்டில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமானை வைத்து எதையாவது செய்து, படம் போட்டு விளக்குவாள். மூன்று மாதத்துக்கு முன் எழுதியது மண்சரிவு மணி.

துணி காயப்போடும் கிளிப்பின் வாயில் இரண்டு ஆணி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதில் கட்டிய கயிற்றின் மறுமுனை மலைச்சரிவில் அடித்த முளையில். மண் நகர்ந்தால் கயிறு துண்டை உருவும், ஆணிகள் முட்டும், பேட்டரி மின்சாரம் ஓடி மணி அலறும். அவ்வளவுதான் வேலை.

முந்தாநாள் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராமேல் மலை சரிந்தது. மணி அலறியதால் உள்ளே இருந்த குழந்தைகளை மண் விழுவதற்குள் வெளியே தூக்கி வந்துவிட்டார்கள். அந்த மணியைச் செய்து வைத்தவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ரெங்கம்மா. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் எல்லாம் அவள் ஒட்டிய செய்முறைப் பேப்பரும் அவள் போட்டோவும் எல்லார் போனிலும் சுற்றின.

“புள்ளைங்க தப்பிச்சிருச்சில்ல, அது போதாதா?” என்றான் கிருஷ்ணராஜ்.

“போதும்தான். யாரால தப்பிச்சதுன்னு ஒரு வார்த்தை போட்டா கொறஞ்சா போயிரும்?”

குழந்தைகளைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். சுவரில் அதே பேப்பர். ரெங்கம்மா ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் தயானி. அந்த மணியப் பத்தி எழுதினது நான்தான்.”

ரெங்கம்மா பதறி எழுந்தாள். “மிஸ், நீங்களா! வாங்க, வாங்க. ஒங்களாலதான் பதினாலு புள்ளைங்களும் உசுரோட இருக்கு.”

“அப்புறம் ஏன் எம்பேர எடுத்தீங்க?”

ரெங்கம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “படத்த நல்லாப் பாருங்க மிஸ்.”

தயானி பார்த்தாள். கிளிப் அவளுடையதுதான். ஆனால் ஆணிக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

“மொதல்ல நீங்க சொன்ன மாதிரியே ஆணி வச்சுத்தான் செஞ்சேன். பதுளையில சரியா வரும்போல. இங்க எந்நேரமும் பனிமூட்டம்ங்களே, ரெண்டு வாரத்துல ஆணியெல்லாம் துரு. துண்ட உருவிப் பாத்தா சத்தமே வரல.”

தயானி சட்டென்று திரும்பி, மண்டபத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகளைப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

“நல்லவேளை மாத்துனீங்க. நல்லவேளைக்கா!” வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. “எனக்கும் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே மிஸ். நீங்க எழுதினதுக்குக் கீழயே எழுதினேன். மறுநாள் பாத்தா காணோம்.”

தயானிக்கு நினைவு வந்தது. ‘ஆணி வேணாம், செம்புக் கம்பி போடுங்க’ என்று யாரோ எழுதியிருந்ததை, ‘எனக்கே பாடம் எடுக்க வந்துட்டாங்க’ என்று அழித்தது அவளேதான். தலை தானாகக் குனிந்தது.

ரெங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு பேரு பாக்குற எடத்துல கொறை சொன்னது ஒங்களுக்குச் சங்கடமாப் போச்சுபோலன்னு நெனச்சேன் மிஸ். மொத மணி அடிக்காதது இங்க எல்லாருக்கும் தெரியும். அந்தத் தப்பு ஒங்களோடதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்னுதான் பேர எடுத்துட்டேன்.”