ஒரே வெளிச்சம்

"மறுபடியும் ஒண்ணு மஞ்சளு, ஒண்ணு வெள்ளை. இதக்கூட பாத்து வாங்க மாட்டியா?" என்றாள் என் மனைவி ஜெபா.

எனக்கு இரண்டு பல்பும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. பேஜாராகி, திரும்பவும் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர் இரண்டையும் எரியவிட்டுப் பார்த்தார். "ஆமா பீட்டரு, இது மஞ்சளாத்தான் கீது. எவனோ கண்ண மூடிக்கினு பாஸ் பண்ணிக்கீறான்."

எனக்கு அப்போதும் ஒரே வெளிச்சம்தான்.

மாற்றி வாங்கி வந்து மாட்டினேன். ஜெபாவுக்குத் திருப்தி.

"இப்ப சரியா கீது. உனக்குத்தான் தெரியல. லீவு போட்டுக்கினு கண்ணு டாக்டராண்ட காட்டுய்யா."

"லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

"கண்ணு சரியில்லன்னு சொல்லேன்."

"சொன்னா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க."

தேர்வாய் கண்டிகை ஊரில் உள்ள பல்பு கம்பெனியில், நிறம் மாறிய பல்பைப் பார்த்துப் பொறுக்கித் தள்ளுவதுதான் என் வேலை.