எட்டு டெரா

மருந்துக்கடையின் கேமரா பதிவுகள் எதுவும் அழியக்கூடாது என்று, இருப்பதிலேயே பெரிய டிஸ்க்காகப் பார்த்து வாங்கியவள் செண்பகவல்லிதான். எட்டு டெராபைட். பழைய கம்ப்யூட்டரிலேயே மாட்டச் சொன்னாள். அதில் முதன்முதலாகப் பதிவானது, தம்பி இளம்பரிதி கடையை விட்டுப் போன காட்சி. வாசலில் திரும்பி, கேமராவை அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்கிறான். அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. அவன் அப்புறம் வரவேயில்லை. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அந்த உதடுகளைப் பார்ப்பாள். "அக்கா" என்பது மட்டும் பிடிபட்டிருந்தது.

இன்று திரையில் அவன் வாசலில் திரும்புவதற்குள் படம் உறைந்துவிட்டது. டிஸ்க் மாட்டிய கமாலுதீனுக்குப் போன் போட்டாள்.

"அந்த கம்ப்யூட்டர் போர்டு பழசுக்கா. பெரிய டிஸ்க் ஒத்துக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன். ரெண்டு டெராவுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. அது முடிஞ்சதும் முதல்லேருந்து, பழசு மேலேயே எழுதும்."

"அப்ப ஆஃப் பண்ணிடவா?"

"ஆஃப் பண்ணா, மறுபடி டிஸ்க்கைக் காட்டுமான்னு தெரியாது. பண்ணலன்னா அழிஞ்சிக்கிட்டே இருக்கும். நீங்கதான் சொல்லணும்."

உறைந்த படம் அசைந்தது. தம்பி நின்ற வாசல் வெறுமையாக இருந்தது. கல்லாவில், போனைக் காதில் வைத்தபடி அவளே உட்கார்ந்திருந்தாள். சற்றுமுன் போனில் பேசியதைச் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

செண்பகவல்லி சுவிட்சில் விரலை வைத்தாள். திரையில் அசைந்த தன் உதடுகளையும் அவளால் படிக்க முடியவில்லை.