பன்னிரண்டாவது அடுப்பு

விமர்சகர்கள் எல்லாரும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். போடாமல் என்ன? அவர்களில் பாதிப் பேர் முதல் அடுப்பைக்கூடப் பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு இதுதான்: காட்டுக்குள் போய்ப் பறக்கும் பன்றி, நெருப்புத் தவளை என்று எதையாவது பிடித்து வந்து அரக்க ராஜாவுக்குச் சமைத்துப் போட வேண்டும். ருசி பிடிக்காவிட்டால் சமைத்தவனையே தின்றுவிடுவான். மொத்தம் பன்னிரண்டு அடுப்பு. ஒன்றை ஜெயித்தால்தான் அடுத்தது.

ஆடியவர்களும் முதலில் ஆகா ஓகோ என்றார்கள். பிறகு 'கரண்டி' என்ற பெயரில் ஒருவன் வந்தான். தினமும் ஒரு குறை, ஒரே ஒரு நட்சத்திரம். "வெங்காயம் ரெண்டு நொடியில வதங்குமா? இதைச் செஞ்சவன் அடுப்பங்கரைப் பக்கம் போயிருக்கானா?" படித்தவர்களெல்லாம் கரண்டி பக்கம் சாய்ந்தார்கள். ஐந்து இரண்டானது. வெள்ளிக்கிழமைக்குள் மூன்றைத் தொடாவிட்டால் தூக்கிவிடுவோம் என்று அதை விற்கும் இணையதளத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தூக்கினால், அதைச் செய்த ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீசுக்குப் பூட்டுதான்.

முதலாளி தன் மாமனாரை அழைத்து வந்தார். முப்பது வருடம் போலீசில் இருந்தவர். தொப்பை, மீசை, யாரையும் நம்பாத பார்வை.

"எந்த ஸ்டேஷன்ல இருந்தீங்க சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லா ஸ்டேஷனும் நம்ம கையைப் பாத்துதான் இருந்துச்சு."

கேட்டவர் எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "மாமா, இது உள்ளாள் வேலை. பன்னிரண்டாவது அடுப்புல, பாம்பு சூப்புக்குக் கை நிறைய உப்பு போடச் சொல்றீங்களேன்னு நேத்து எழுதியிருக்கான். வெளியாளு எவனாலயும் எட்டைத் தாண்ட முடியாது. நாங்களே குறுக்கு வழியிலதான் போறோம். எனக்கு அந்தப் படம் வரையிற பொண்ணு மேலதான் சந்தேகம். வேற கம்பெனிக்கு மனு போட்டிருக்கா. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடலாமா?"

மாமனார் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. கூப்பிடுங்க."

அந்தப் பெண் முகம் வெளிறி வந்து நின்றாள்.

"சூப்புல உப்பு கூடிப்போச்சு. என்ன பண்ணுவ?"

அவள் யோசித்தாள். "கீழ கொட்டிட்டு, கடையில வாங்கிக்குவேன் சார்."

"போம்மா. போய் வேலையைப் பாரு."

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவன் சர்க்கரை போடுவேன் என்றான். முதலாளியையும் விடவில்லை. அவர் வடிகட்டுவேன் என்றார்.

"கரண்டி இந்த ஆபீசுல இல்ல மாப்பிள்ளை. இங்க ஒருத்தருக்கும் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. அவன் சொன்னதையெல்லாம் சரி பண்ணுங்க. தானா வழிக்கு வருவான்."

மூன்று நாள் சோறு தண்ணி மறந்து சரி செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கரண்டி எழுதினான்: "இப்பதான் வாயில வைக்க முடியுது. அஞ்சு." அவன் பின்னாலேயே மற்றவர்களும் ஏற்றிப் போட்டார்கள். மாலைக்குள் நான்கு.

"எப்படி மாமா இவ்வளவு கரெக்டா சொன்னீங்க?"

"முப்பது வருஷ சர்வீசு மாப்பிள்ளை."

அந்த முப்பது வருடமும் போலீஸ் மெஸ்ஸில் நானூறு பேருக்குச் சமைத்தவர் என்பதை மகள் கல்யாணத்தின்போதே மறைத்துவிட்டதால், பன்னிரண்டு அடுப்பையும் நேர்வழியில் ஜெயித்ததை அவரால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.