விழக் கற்றுத்தரும் வகுப்பு

பெயர் டெரெல், வயது நாற்பத்திரண்டு, கிளீவ்லாந்தில் லாரி ஓட்டுபவர். கோர்ட் உத்தரவைச் சுருட்டிப் பிடித்தபடி ஜூடோ கூடத்து வாசலில் நின்றார்.

"ரவுடிப் பசங்களுக்கு அடிக்கவும் சொல்லித் தர்றீங்க. வெளங்கிடும்!"

"முதல்ல விழத்தான் சொல்லித் தருவோம் சார்," என்றார் பயிற்சியாளர் லவெர்ன்.

"விழறதுக்கு வகுப்பா? என் மகன் ஒரு வயசுலயே தடால் தடால்னு விழுவான்!"

"அப்புறம், எதிராளி தோத்துட்டேன்னு ரெண்டு தட்டு தட்டினா உடனே பிடியை விடணும். ஸ்கூல்ல தினம் சண்டை போட்ட உங்க ஜமாரி இப்ப யாரையும் தொடறதில்ல. கோர்ட் சொன்ன வகுப்பு போன மாசமே முடிஞ்சும் அவனாவே வர்றான்."

"பெரிய அதிசயம்!"

லவெர்ன் உத்தரவை வாங்கிப் படித்தார்: 'மகனின் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவரை அறைந்த டெரெலுக்கு இருபது ஜூடோ வகுப்புகள்.'

உள்ளிருந்து ஜமாரி வந்து குனிந்து வணங்கினான்.

"அப்பா, ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாப்பா."