விலைக்கு வந்த வண்டி

"யோவ், அது வண்டியா, காசநோய்க்காரனா? அந்த இருமு இருமுது!"

சன்னலுக்கு உள்ளேயிருந்து வந்த இத்தோவின் குரலைக் கேட்டு, ஹம்மு ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தான். முற்றத்தில் நின்ற பந்தய பைக் இரண்டு முறை விக்கி, கரும்புகையைக் கக்கிவிட்டு அணைந்தது.

"அம்மா, யாரு அது?"

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ஹத்தா நிமிராமலே பதில் சொன்னாள். "ஸகோரா ஊர்லேர்ந்து வந்திருக்கார். உன் வண்டியைப் பார்க்க. பிடிச்சா எடுத்துக்குவார்."

"என் வண்டியையா? என்னைக் கேக்காமலா?"

"கேட்டா மட்டும் என்ன சொல்லிடப்போற இத்தோ? சும்மா நிக்கிற வண்டி மணலைத்தான் தின்னுது. ஓட்டற ஆள்கிட்ட போனா அதுக்காவது நல்ல காலம் பொறக்கும்."

மெர்ஸூகா மணல்மேடுகளில் ஆண்களையெல்லாம் பின்னால் விட்டு இத்தோ பறந்தது இந்த வண்டியில்தான். இது ஊருக்கே தெரியும்.

ஹம்மு கிக்கரை உதைத்தான். வண்டி உயிர்பெற்று மறுபடி விக்கியது.

"என்ன தங்கச்சி, முறுக்கினா மூச்சு வாங்குதே? பெட்ரோல் பத்தலையோ?"

"பத்தலையா? அளவுக்கு மீறிக் குடிச்சிட்டுத் திணறுது! புகை கண்ணுக்குத் தெரியலையா? நாத்தம் இங்க வரைக்கும் வருது. கார்புரேட்டர் பக்கவாட்டுல சின்னதா ஒரு பித்தளைத் திருகு இருக்கும் பாருங்க. காத்து போற திருகு. அதை வெளிப்பக்கமா கொஞ்சம் திருப்புங்க."

"இதுவா?"

"நீங்க எதைத் தொடறீங்கன்னு இங்கேர்ந்து எனக்கு எப்படித் தெரியும்?"

ஹம்மு எதையோ திருகினான். வண்டி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது.

"ஐயோ, அது ஐடிலிங் திருகு, சும்மா நிக்கும்போது ஓடற வேகத்துக்கு! அதைப் பழையபடி வைங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கிறது!"

அவன் இன்னொன்றைத் திருகினான். இன்ஜின் ஈனஸ்வரத்தில் முனகி அணைந்தது.

"உள்பக்கமா திருப்பறீங்க! காதுல விழுதா இல்லையா? வெளிப்பக்கம்!"

"உங்க ஊர்ல வெளிப்பக்கம்னா எந்தப் பக்கம் தங்கச்சி?"

ஹத்தா முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா! இந்த ஆளுக்கா என் வண்டி? போய் ஒட்டகம் மேய்க்கச் சொல்லு!"

"அதுவும் பார்த்தாச்சு. ஒட்டகம் என்னைக் கடிச்சிடுச்சு" என்றான் ஹம்மு. "கவலைப்படாத. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணு இருக்கு. பெரியம்மா, இந்தச் சுத்தியலை எடுத்துக்கறேன். ரெண்டு தட்டு தட்டினா தன்னால வழிக்கு வரும்."

"சுத்தியலா? கார்புரேட்டர் மேலயா?"

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. கதவு படாரென்று திறந்தது.

கலைந்த தலையும் வெறுங்காலுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு இத்தோ நின்றாள். ஹத்தாவின் கைகள் மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டன. ஹம்மு அவளை நிமிர்ந்து பார்க்காமல் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"தள்ளுங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியின் அருகே வந்து உட்கார்ந்தாள். அவன் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கினாள். "உதைங்க. சூடாகட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க."

கண்களை மூடிக்கொண்டு, நாடி பார்ப்பவளைப் போலத் திருகை மெல்ல மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினாள். விக்கல் குறைந்தது. புகை வெளுத்தது. சத்தம் தானாகவே ஏறி, ஓரிடத்தில் சீராக நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், தடுமாறியது. உடனே பின்னுக்கு வந்தாள். ஐடிலிங்கைக் குறைத்துவிட்டு எழுந்து, ஆக்ஸிலேட்டரை ஒரே இழுப்பாக முறுக்கினாள். புதுத்துணியைக் கிழிப்பதுபோல, தடங்கலே இல்லாமல் சத்தம் மேலே போயிற்று.

"கேட்டீங்களா? இதுக்குப் பேருதான் மூச்சு!"

அவள் நெற்றியில் வியர்வை. கன்னத்தில் கரி. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அருமை! அப்ப நாளைக்கே வந்து எடுத்துக்கறேன்" என்றான் ஹம்மு.

"எதை எடுத்துக்கறீங்க? இது விக்கிறதுக்கு இல்லை. திருகுக்கும் சுத்தியலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு என் வண்டியைத் தருவேனா? போயிட்டு வாங்க அண்ணே. அம்மா, என் பூட்ஸ் எங்க?"

ஹம்மு வெளியேறினான். மாவு ஒட்டிய கையோடு ஹத்தா பின்னாலேயே ஓடிவந்தாள். வெளிச்சுவரைத் தாண்டியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கால் எலும்பு எப்பவோ கூடிடுச்சு, இனி நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார் தம்பி. ஆனா பந்தயத்துல விழுந்ததுலேர்ந்து அந்தக் கட்டிலை விட்டு என் பொண்ணு எழுந்தது இன்னிக்குத்தான்!"

"பந்தய வண்டிகளுக்கு டியூனிங் பண்றதுதான் பெரியம்மா என் பொழப்பே" என்றான் ஹம்மு, கண்ணைத் துடைத்தபடி. "நீங்க சொன்னபடி வேணும்னே தப்பா திருகறது இவ்வளவு கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது!"